திருமங்கை மன்னன் தீர்த்த கடன்

கார்த்திகைத் திங்களில் கார்த்திகை விண்மீன் கூடும் நன்னாளில் திருவண்ணாமலை நகரம் முழுவதும் மலையுச்சியை நோக்கித் தலை நிமிர்ந்து நிற்கும். 2,668 அடி உயர்ந்த அம்மலையின் முடியில் மாலை வேளையில் ஏற்றப்படும் தீபத்தைக் கண்ணாரக் காண்பதற்கு நாற்றிசையிலிருந்தும் மக்கள் வந்து வீதிகளை நிறைப்பர். அதே திங்கள், அதே விண்மீன், வைணவ அன்பர்களுக்கு மற்றொரு காரணத்தாலும் பெருநாளாகும். ஆழ்வார்கள் பன்னிருவருள் நிறைவாக எண்ணப்பெறும் திருமங்கையாழ்வாரின் திருநட்சத்திரம் அன்றுதான். அண்ணாமலையார் ஆலயத்தினுள்ளேயே கோயில் கொண்டிருக்கும் வேணுகோபாலனைச் சேவித்துவிட்டு, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தெற்கே பெண்ணையாற்றங்கரையில் ஓங்கி உலகளந்து நிற்கும் திருக்கோவலூர் எம்பெருமானையும் சேவிக்கச் செல்லும் யாத்திரிகர் பலர். அந்தத் திருக்கோவலூரைப் பெரிய திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் பாடியவரும் இவ்வாழ்வாரே.

இம்மலருக்கு எழுதப் புகுந்தபோது ஆழ்வாருடைய பாசுரச் சுவையை எடுத்துரைப்பதா, அவர் எழுந்தருளிய திவ்ய தேசங்களை வரிசைப்படுத்துவதா என்று சிறிது தயங்கினேன். அவற்றை அறிஞர்கள் பலர் எழுதியிருக்கின்றனர். அடியேன் சொல்லக் கருதுவது ஒரு கணக்கு. ஆழ்வார் கடன்பட்டவர். அக்கடனை எப்பொருளைக் கொண்டு, யாருக்கு முதலில், எவ்வளவு அடைப்பது என்று முடிவு செய்யவேண்டிய நிலை அவருக்கு ஒருமுறைக்கு மேல் நேர்ந்தது. கடன் என்றவுடன் குபேரனிடம் பொருள் வாங்கித் திருமணம் செய்துகொண்ட ஏழுமலையான் கதை சேவார்த்திகளுக்கு நினைவு வரும். அது பெருமானின் லீலை. ஆழ்வாரின் கதையோ மனிதர் ஒருவர் சிறைப்பட்டுப் பட்டினி கிடந்த கதை.

சோழ நாட்டில் சீகாழிக்கு அருகேயுள்ள திருக்குறையலூரில் கள்ளர் குடியில், சார்ங்கம் என்னும் வில்லின் அம்சமாக அவர் அவதரித்தார் என்பது குருபரம்பரை. பெற்றோர் இட்ட பெயர் நீலன். தந்தை சோழனின் படைத்தலைவர். மகனும் படைத்தொழிலில் தேர்ந்து, அரசனின் மதிப்பைப் பெற்று, ஆலிநாட்டுக்குத் தலைவராகித் திருமங்கை என்னும் ஊரில் இருந்து ஆண்டார். ஆடல்மா என்பது அவர் குதிரையின் பெயர். நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலாவழக்கன் என்று நான்கு துணைவர் அவருக்கு அமைந்தனர். ஒருவன் நீரின்மேல் நடப்பான். ஒருவன் பிறர் நிழலோடு நிழலாக மறைவான். ஒருவன் ஊதிய அளவில் பூட்டுகள் திறந்துகொள்ளும். ஒருவனை வாதத்தில் வெல்ல இயலாது. இத்தகைய நால்வர் உடனிருந்த ஒருவருக்குக் கடன்காரரிடமிருந்து தப்பிச் செல்லும் வழி தெரியாமல் இருந்திருக்க முடியாது. பின்னால் வருவதைப் படிக்கும்போது இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

சரித்திர ஆராய்ச்சியாளர் ஆழ்வாரை எட்டாம் நூற்றாண்டினராகக் கொள்வர். காஞ்சிப் பரமேச்சுர விண்ணகரத்தைப் பாடுகையில் பல்லவமல்லனின் போர்களை அவர் சொல்வது அதற்குச் சான்று. அக்காலத்தில் நாடாண்ட பேரரசர் பல்லவரே. சோழர் சிறுநிலையில் இருந்தனர். குருபரம்பரையோ கப்பம் கேட்ட அரசனைச் சோழன் என்றே கூறுகிறது. பெரியோர் சொன்னபடியே நாமும் சோழன் என்றே கொண்டு மேலே செல்வோம். அரசன் எவனாயினும் கணக்கு ஒன்றுதான்.

கடன் வந்த வழி திருமணத்தில் தொடங்குகிறது. திருநாங்கூர்ப் பகுதியில், திருவெள்ளக்குளத்துப் பொய்கையருகே ஆம்பல் மலரோடு கண்டெடுக்கப்பெற்று, வைணவ மருத்துவர் ஒருவரின் இல்லத்தில் வளர்ந்த குமுதவல்லி நாச்சியாரை மணக்க நீலன் விரும்பினார். நாச்சியார் இரண்டு நியமங்களை விதித்தார். முதலாவது, பஞ்ச சம்ஸ்காரம் பெற்று வைணவராதல். நீலன் திருநறையூர் நம்பியின் சந்நிதியில் அதனைப் பெற்று மீண்டார். இரண்டாவது, நாள்தோறும் 1,008 அடியார்களுக்கு ஓராண்டு காலம் அமுது செய்வித்து, அவர்கள் உண்டபின் தாம் உண்ணுதல். இதற்கும் அவர் இசைந்தார். திருமணம் நடந்தது. மங்கைமடம் என்னும் ஊரில் ததீயாராதனம் தொடங்கிற்று.

இசைவது எளிது, இலை போடுவது எளிதன்று. ஓராண்டுக்கு 365 நாள் என்று கொண்டால் 3,67,920 இலைகள். நான்கு பேருக்கு ஒரு படி அரிசி என்று மிகச் சிக்கனமாக அளந்தாலும் ஒரு நாளைக்கு 252 படி. ஆண்டுக்கு ஏறத்தாழ 92,000 படி. பருப்பு, நெய், தயிர், காய்கறி, விறகு, ஆட்கூலி இவை வேறு. சிறுநாடு ஒன்றின் தலைவர் தம் சொந்த விளைச்சலைக் கொண்டு இதனை எத்தனை திங்கள் நடத்தியிருக்க முடியும்? கைப்பொருள் கரைந்தது. அடுத்தபடி அவர் கை வைத்தது அரசனுக்குச் செலுத்த வேண்டிய கப்பத்தின் மீது.

நம் பழைய கல்வெட்டுகளில் நிலவரிக்குக் கடமை என்று பெயர். அக்காலத்து மனிதருக்கு வரி பாக்கியும் வாங்கிய கடனும் வெவ்வேறல்ல. மக்களிடமிருந்து அரசனுக்காகத் தண்டிய பொருள் தலைவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள், அது அவருடையதன்று. அதை அடியார்கள் இலையில் பரிமாறிவிட்டார். ஆழ்வாரின் பெருமையை எழுதுவோர் சிலர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுவர். கடக்க வேண்டிய தேவையில்லை. உண்டவர் வயிறு குளிர்ந்தது உண்மை. அரசனின் ஏட்டில் பாக்கி ஏறியதும் உண்மை.

அரசனின் ஆட்கள் வந்தனர். இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்று அவர் நாள் கடத்தினார். பொறுமையிழந்து அவர்கள் நெருக்கியபோது வெளியே தள்ளினார். படை வந்தது, ஆடல்மாவின் மேல் ஏறி அதனையும் முறியடித்தார். கடன்பட்டவர் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார் என்று சொல்லலாம்: முதலில் தவணை, அடுத்துச் சினம், அதன்பின் சண்டை. நம்மில் படைவலி உடையவர் இல்லை என்பதால் மூன்றாவது படிக்கு நாம் போவதில்லை, அவ்வளவே.

ஆனால் வென்றதனால் பாக்கி குறையவில்லை. அரசன் அவருடைய வீரத்தை மெச்சி நயமாகப் பேசி, அமைச்சன் ஒருவனைப் பொறுப்பாக்கினான். பாக்கியைத் தீர்க்கும் வரை அமைச்சனின் காவலில் இருப்பதற்கு ஆழ்வார் இணங்கினார். இந்த இணக்கந்தான் அவர் வாழ்க்கையின் திருப்பம் என்று அடியேன் எண்ணுகிறேன். படையை வென்றவருக்கு ஓர் அமைச்சனின் காவல் எம்மாத்திரம்? பூட்டைத் திறக்க ஒருவன், நிழலில் மறைய ஒருவன், ஆற்றைக் கடக்க ஒருவன் என்று துணைவர் இருக்கின்றனர். வழக்காடி இல்லையென்று சாதிக்கவும் தோலாவழக்கன் இருக்கிறான். இவர்களுள் ஒருவரையும் அவர் ஏவவில்லை. கொடுக்கவேண்டியது உண்டு என்று ஒப்புக்கொண்டு, தம் உடலையே பிணையாக வைத்து உள்ளே சென்று அமர்ந்தார்.

தேவாலயம் ஒன்றில் அவரை வைத்திருந்தனர். மூன்று நாள் உணவில்லை. அடியார்கள் உண்டபின் உண்பது என்னும் நியமம் பூண்டவருக்கு, அடியார்கள் இல்லாத இடத்தில் உணவு ஏது? நாள் ஒன்றுக்கு ஆயிரத்தெட்டு இலை போட்டவர் ஓர் இலையும் இல்லாமல் கிடந்தார். மங்கைமடத்தில் அடுப்பு அணைந்திருக்கும். வந்தவர்கள் திரும்பிப் போயிருப்பார்கள். சிறையைவிட அந்த நினைவுதான் அவரை வாட்டியிருக்கவேண்டும்.

மூன்றாம் நாள் இரவு காஞ்சிப் பேரருளாளன் கனவில் எழுந்தருளினான். காஞ்சிக்கு வந்தால் வேண்டிய பொருள் தருவதாகத் திருவுள்ளம் பற்றினான். விடிந்ததும் ஆழ்வார் அமைச்சனிடம் தமக்குக் காஞ்சியில் பொருள் இருப்பதாகவும், உடன் வந்தால் பாக்கியைத் தீர்ப்பதாகவும் தெரிவித்தார். அமைச்சன் அரசனிடம் அனுமதி பெற்று, காவலர் சூழ அவரை அழைத்துச் சென்றான். கனவை நம்பிக் கடன்காரனையும் கூட்டிக்கொண்டு சென்ற பயணம் அது. இல்லாத பொருளை உண்டென்று சொல்லி நாள் கடத்துகிறான் என்றே காவலர் நினைத்திருப்பர். முன்னர் அவர் நடந்துகொண்டது அப்படித்தானே.

காஞ்சியில் வேகவதி ஆற்றங்கரையில் பெருமான் அடையாளம் காட்டிய இடத்தைத் தோண்டினார். புதையல் கிடைத்தது. இன்று காஞ்சிக்குச் செல்வோர் வேகவதியில் நீர் ஓடக் காண்பது அரிது. ஆற்றின் பெயரை நினைவிற் கொண்டு அந்தக் கரையில் நின்று பார்த்தால், அன்று நடந்ததன் அருமை ஒருவாறு விளங்கும்.

ஏனெனில் பொருள் கிடைத்ததில் வியப்பில்லை. பெருமான் கொடுத்தால் கிடைக்கும். கிடைத்த பொருளை எடுத்துக்கொண்டு ஆழ்வார் என்ன செய்தார் என்பதே கேள்வி. பெருமான் தந்த பொருள் அடியார்களுக்கே உரியது, அரசனுக்கு எதற்கு என்று அவர் வாதாடியிருக்கலாம். வைணவ உலகம் அதனையும் கொண்டாடியிருக்கும். பாதியைச் செலுத்தி மீதிக்குத் தவணை கேட்டிருக்கலாம். முதலை மட்டும் கொடுத்து, மூன்று நாள் பட்டினி போட்டதற்கு வட்டி சரியாயிற்று என்று சொல்லியிருக்கலாம். அவர் அவ்வாறொன்றும் செய்யவில்லை. கப்பத்தை வட்டியுடன் அளந்து அமைச்சன் கையில் கொடுத்தார். எஞ்சியதைத்தான் ததீயாராதனத்துக்கு எடுத்துக்கொண்டார். பசித்திருந்த அடியார்களின் இலை, அரசனின் மரக்காலுக்கு அடுத்தபடியாக நின்றது.

அமைச்சன் பொருளுடன் திரும்பி நடந்ததை உரைத்தான். அரசன் மனம் கலங்கி, பாகவத அபசாரம் செய்தோமே என்று வருந்தி, ஆழ்வாரிடம் பொறுத்தருள வேண்டினான். அப்பிழைக்குப் பரிகாரமாகத் தன் பொருளைத் தேவாலயங்களுக்கும் அடியார்களுக்கும் வழங்கினான் என்பர். கடனைக் கேட்டது பிழையன்று. கேட்ட முறையே பிழை. அரசனும் அதனை உணர்ந்தான் போலும்.

இதற்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின், பதினேழாம் நூற்றாண்டில், கோல்கொண்டா நவாபின் ஆட்சியில் இதே போன்ற ஒன்று நிகழ்ந்தது. தாசில்தாராக இருந்த கஞ்சர்ல கோபன்னா, தண்டிய வரிப்பணத்தைக் கொண்டு பத்ராசலத்தில் இராமபிரானுக்கு ஆலயம் எழுப்பினார். தானீஷா அவரைக் கோல்கொண்டாக் கோட்டையில் பன்னிரண்டு ஆண்டு சிறை வைத்தான். பஜனை மடங்களில் நாம் பாடும் இராமதாஸர் கீர்த்தனைகள் அவருடையவை. நகைக்கு இவ்வளவு, மதிலுக்கு இவ்வளவு என்று இராமனிடமே செலவுக் கணக்கை ஒப்பித்து முறையிட்டவர் அவர். முடிவில் இராம லக்ஷ்மணர்களே சேவகர் வடிவில் வந்து ஆறு லட்சம் பொன்னை நவாபிடம் கொட்டி, ரசீதும் பெற்றுச் சென்றனர் என்பது வரலாறாக வழங்குவது. அங்கே பெருமானே நேரில் வந்து அடைத்தான். கடன்பட்டவர் சிறையிலேயே இருந்தார். இங்கே பெருமான் இடத்தைக் காட்டியதோடு சரி. நடந்ததும், தோண்டியதும், அளந்ததும் ஆழ்வாரே.

அதன்பின் நடந்தவற்றைச் சேவார்த்திகள் நன்கறிவர். புதையலில் எஞ்சியதும் தீர்ந்தது. இம்முறை கப்பப் பணத்தில் ஆழ்வார் கை வைக்கவில்லை. வழிப்போக்கரிடம் கை வைத்தார். பொருளுடையோரை மடக்கிப் பறித்து அடியார்களுக்கு இட்டார். ஒரு தவற்றிலிருந்து மீண்டவர் அதனினும் பெரியதொன்றில் இறங்கினார் என்றே நம் அறிவுக்குத் தோன்றுகிறது. எம்பெருமானுக்கும் அது பொறுக்கவில்லை போலும். மணக்கோலத்தில் பிராட்டியுடன் அவ்வழியே எழுந்தருளினான். நகைகளையெல்லாம் பறித்த ஆழ்வார், கழற்ற முடியாத திருவடி மோதிரத்தைப் பல்லால் கடித்து வாங்கினார். அந்த மிடுக்கைக் கண்டு நம் கலியன் என்று பெருமான் பெயரிட்டான். கட்டிய மூட்டையைத் தூக்க முடியவில்லை. என்ன மந்திரம் போட்டாய் என்று வாளை உருவி மிரட்டியவரின் செவியில் திருவெட்டெழுத்து விழுந்தது. திருமணங்கொல்லையில் நிகழ்ந்த இவ்வேடுபறி பங்குனித் திங்களில் அங்கே உற்சவமாக நடைபெறுகிறது; திருவரங்கத்தில் இராப்பத்து எட்டாம் நாளில் மணல்வெளியில் நடைபெறுகிறது. அதன்பின் அவர் பறித்ததாக ஒரு செய்தியும் இல்லை. பாடியதே செய்தி: பெரிய திருமொழி முதலாக ஆறு பிரபந்தங்கள், எண்பதுக்கும் மேற்பட்ட திவ்ய தேசங்கள்.

ஆயினும் அவருக்குக் கடைசியாக ஒரு கடன் இருந்தது. அது அரசனுக்குரியதன்று, கூலியாட்களுக்குரியது.

திருவரங்கத்தில் அவர் மதிற்பணி மேற்கொண்டார். நான்காம் திருச்சுற்று அவர் பெயரால் ஆலிநாடன் திருவீதி எனப்படுகிறது. அதற்குப் பொன் வந்த வகையைப் பற்றி நாகப்பட்டினத்துப் புத்த விஹாரத்தோடு தொடர்புடைய கதை ஒன்று உண்டு. அதனை இங்கே விரிக்கவில்லை. பொன் எங்கிருந்து வந்தாலும், மதில் முடியும் தறுவாயில் அது தீர்ந்துவிட்டது. கல் சுமந்தவரும், கொத்தரும், சுண்ணாம்பு அரைத்தவரும் கூலிக்கு நின்றனர். அரசனின் பாக்கியாவது ஏட்டில் இருந்தது. இவர்களுடைய பாக்கியோ அன்று மாலை அவர்கள் வீட்டு உலையில் இருந்தது.

இவ்விடத்தில் இரண்டு கதைகள் வழங்குகின்றன. ஒன்று கேட்பதற்கே நெஞ்சு கூசுவது. அக்கரையில் பொருள் இருக்கிறதென்று சொல்லி ஆட்களை ஓடத்தில் ஏற்றிக் கொள்ளிடத்தின் நடுவே ஓடத்தைக் கவிழ்த்தார் என்றும், மூழ்கியவர்கள் கூலிக்குப் பதிலாகப் பரமபதமே பெற்றனர் என்றும் அது கூறும். பரமபதம் பெருங்கூலிதான், ஐயமில்லை. ஆனால் அதனைப் பெற்றவர்கள் வீட்டில் காத்திருந்த பெண்டு பிள்ளைகள் அன்றிரவு என்ன உண்டனர் என்று அக்கதை சொல்வதில்லை. மூன்று நாள் பட்டினிக்குப் பின்னும் அரசனுக்கு வட்டியோடு அளந்து கொடுத்தவர், ஏழைக் கூலியாட்களை இவ்வாறு தீர்த்தார் என்று நம்ப அடியேனுக்கு மனம் வரவில்லை. பெரியோர் இதற்கு உட்பொருள் கூறுவர், கூறட்டும்.

மற்றொன்று ஆதனூர்த் தலவரலாறு. கூலி கொடுக்க வழியின்றி ஆழ்வார் அரங்கனிடம் முறையிட்டார். கொள்ளிடக் கரைக்குச் செல்லுமாறு பணிப்பு வந்தது. அங்கே தலைப்பாகை கட்டிய வணிகர் ஒருவர், மரக்காலும் ஏடும் எழுத்தாணியுமாக நின்றார். கூலியை அளப்பதற்காகவே அரங்கன் தம்மை அனுப்பியதாகச் சொன்னார். அவர் கையில் பொன் இல்லை. ஆற்று மணலைத்தான் மரக்காலில் அள்ளினார். மெய்யாக உழைத்தவன் மடியில் அது பொன்னாக விழுந்தது. உழைக்காமல் நின்றுவிட்டு வரிசையில் வந்தவன் மடியில் மணலாகவே விழுந்தது. மணல் பெற்றவர்கள் கூச்சலிட்டனர். வணிகர் புறப்பட்டு விரைந்தார். இவர் யார், எதற்காக ஓடுகிறார் என்று ஆழ்வார் குதிரையேறிப் பின்தொடர்ந்தார். ஒருகாலத்தில் அரசனின் ஆட்கள் கணக்குக் கேட்டு இவரைத் துரத்தினர். இப்போது கணக்குத் தீர்த்தவரை இவர் துரத்தினார். ஊர் பல கடந்து ஆதனூர் வந்ததும் வணிகர் நின்றார். எழுத்தாணியால் ஏட்டில் எழுதிக் காட்டினார். எதிரே நின்றவன் அரங்கன் என்பதை ஆழ்வார் கண்டார்.

அதற்குப் பின் அவரைக் கடன் கேட்டு எவரும் வந்ததாக வரலாறு இல்லை. தெற்கே திருக்குறுங்குடியில் நம்பியின் திருவடி நிழலில் அவர் பரமபதம் எய்தினார்.

கார்த்திகைத் தீபம் சேவித்து, திருக்கோவலூர் வழியாகச் சோழநாட்டு யாத்திரை செல்லும் அன்பர்கள் சுவாமிமலைக்கு அருகிலுள்ள ஆதனூருக்கும் செல்லலாம். பெருமானுக்கு அங்கே ஆண்டளக்கும் ஐயன் என்று திருநாமம். பள்ளிகொண்ட திருக்கோலம். கருவறையில் விளக்கொளி குறைவு. அர்ச்சகரிடம் தீபத்தைச் சற்று உயர்த்திக் காட்டும்படி வேண்டிக்கொண்டால் திருமுடியின் கீழே தலையணையாக வைத்திருக்கும் மரக்கால் தெரியும். இடத்திருக்கையில் ஏடும் எழுத்தாணியும் இன்னும் இருக்கின்றன.